கூச்சப்படாம கேளுங்க: விரல்ல ஒரு குத்து, 20 நிமிஷத்துல ரிசல்ட்

போன தடவை இந்தப் பகுதியில சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். உலகத்துல புது சிபிலிஸ் தொற்று 2020ல 71 லட்சமா இருந்தது 2022ல 80 லட்சம் ஆயிடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு அது. அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், "கிட்", அதாவது சட்டுனு டெஸ்ட் பண்ணிப் பாக்குற டப்பா. எங்க கிடைக்கும், நம்பலாமா, ஏன் இவ்ளோ விலை, ஏன் நம்ம ஊர்ல இல்ல. அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே.

ஆன்லைன்ல "10 இன் 1" எஸ்டிடி (பால்வினை நோய்) கிட்னு ஒண்ணு வாங்கி நானே டெஸ்ட் பண்ணிட்டேன் சார். எல்லாத்துலயும் ஒரே கோடுதான், நெகட்டிவ். தப்பு நடந்து 5 நாள் ஆச்சு. இனி நிம்மதியா இருக்கலாமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

இல்ல தம்பி. அந்த டப்பால ரத்தச் சொட்டு விடுற கிட்ல பெரும்பாலானது கிருமியத் தேடுறது இல்ல, கிருமிக்கு எதிரா உங்க உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியத்தான் தேடும், அது உண்டாகவே வாரக்கணக்குல ஆகும். சிபிலிஸ்ல முதல் புண்ணு வெளிய தெரியவே சராசரியா 3 வாரம், சிலருக்கு 3 மாசம் கூட ஆகும். ஹெச்ஐவி ரேபிட் டெஸ்ட்டுக்கு 3 மாசம் கழிச்சு ஒரு தடவை பண்ணி முடிச்சாத்தான் உறுதியா சொல்ல முடியும். அதனால உங்க ஒத்தைக் கோடு அந்த ராத்திரிக்கு முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்கன்னுதான் காட்டுது.

அந்த பத்துல கொனோரியா, கிளமிடியாங்கிற பால்வினை நோய் ரெண்டும் ரத்தச் சொட்டுல பாக்குற மாதிரி இருந்தா அதைத் தூக்கி குப்பைல போடுங்க. அந்த ரெண்டுக்கும் சிறுநீரோ, உறுப்புல பஞ்சுக் குச்சி விட்டு எடுத்த ஸ்வாபோ வேணும், ரத்தத்துல பாத்து இப்ப தொற்று இருக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது. விக்கிறவங்களுக்கு இது தெரியாம இல்ல.

அரசு ஆஸ்பத்திரில இருக்கிற நம்பிக்கை மையத்துக்கு (ஹெச்ஐவி டெஸ்ட், ஆலோசனை மையம்) போங்க, காசு கிடையாது, கவுன்சலர் இருப்பாங்க. பக்கத்துல எதுன்னு தெரியலன்னா 1097ங்கிற எய்ட்ஸ் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க, அதுவும் இலவசம். சிறுநீர் போறப்ப எரிச்சல், சீழ், புண்ணு எது இருந்தாலும் 3 மாசம் காத்திருக்காதீங்க, இன்னைக்கே டாக்டரப் பாருங்க. மத்தவங்களும் கேட்டுக்கோங்க, ஹெச்ஐவி தொத்தியிருக்குமோன்னு பயம் இருந்தா 72 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், தடுப்பு மாத்திரை தேவையான்னு டாக்டர் முடிவு பண்ணுவார், அதுக்கு அப்புறம் போனா அந்த மாத்திரையால பிரயோஜனம் இல்ல.

கோவிடுக்கு மூக்குல குச்சி விட்டு கால் மணி நேரத்துல சொன்னாங்க, கர்ப்பத்துக்கு மெடிக்கல் ஷாப்லயே கிட் இருக்கு. அதே டெக்னாலஜில கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் ஏன் இன்னும் வரல?
(மைக்ரோபயாலஜி மாணவி, மதுரை)

நல்ல கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீளமா பதில் சொன்னா கோவிச்சுக்காதீங்க.

நீங்க சொன்ன கோவிட், கர்ப்ப கிட் பட்டைக்குள்ள இருக்கிறது நைட்ரோசெல்லுலோஸ் காகிதம், விளக்குத் திரி எண்ணெய இழுக்குற மாதிரி ரத்தத்தையோ சிறுநீரையோ இழுத்துக்கிட்டுப் போகும். போற வழில நானோ தங்கத் துகள் ஒட்டின ஆன்டிபாடியோ ஆன்டிஜனோ (கிருமியோட புரதம்) காத்துக்கிட்டு இருக்கும், தேடுற பொருள் இருந்தா அதப் பிடிச்சுக்கிட்டுப் போய் ஒரு கோட்டுல நிக்கும், தங்கம் குவிஞ்ச இடம் சிவப்பா தெரியும். அவ்ளோதான். இதுல ஒரு நிபந்தனை இருக்கு, கண்ணுக்குத் தெரியற அளவுக்குத் துகள் சேரணும்னா தேடுற பொருள் ஏராளமா இருக்கணும். கர்ப்பிணி சிறுநீர்ல ஹெச்சிஜிங்கிற கர்ப்ப ஹார்மோன் ஏராளமா இருக்கு, சிபிலிஸ்ல ஆன்டிபாடி ஏராளமா இருக்கு, அதனாலதான் சிபிலிஸுக்கு நல்ல ரேபிட் கிட் எப்பவோ வந்துடுச்சு.

கிளமிடியா அப்படி இல்ல. செல்லுக்குள்ள ஒளிஞ்சு வாழுற பாக்டீரியா, அறிகுறி இல்லாத பொண்ணுங்க கிட்ட ரொம்ப கம்மியா இருக்கும். ஆன்டிபாடியப் பாத்தா பழைய தொற்றா புதுசான்னு தெரியாது, ஆக கிருமியோட புரதத்தத்தான் நேரா பிடிக்கணும், பட்டைக்கு அந்தக் கண்ணு இல்ல. 2010ல நெதர்லாந்துல, கடைல கிடைச்ச மூணு கிளமிடியா ரேபிட் கிட்ட பிசிஆரோட (கிருமியோட மரபணுவப் பெருக்கிப் பாக்குற லேப் டெஸ்ட்) ஒப்பிட்டுப் பாத்தாங்க, அதுல நல்லா வந்ததே நோய் இருக்கிறவங்கள்ல 27 சதவீதம் பேரத்தான் பிடிச்சுச்சு, மோசமானது 12. அதாவது நோய் இருக்கிற நாலு பேர்ல மூணு பேர "உங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு வீட்டுக்கு அனுப்பிடும். இதுக்கு கிட் இல்லாமலே இருந்துடலாம்.

கொனோரியா கொஞ்சம் தேவலாம். ஆம்பளைங்களுக்கு சீழ் வர்றப்ப கிருமி கொட்டிக் கிடக்கும். அதுக்கு நம்ம கிட்ட நூறு வருஷத்துக்கும் பழைய ரேபிட் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, கிராம் ஸ்டெயின்! ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் சாயம், மைக்ராஸ்கோப், பாக்கத் தெரிஞ்ச ஒரு ஆள், 10 நிமிஷம். சீழோட வர்ற ஆம்பளைங்க கிட்ட பத்துல ஒம்பதுக்கு மேல பிடிச்சுடும், செலவு சில ரூபாய்தான். ஆனா பொம்பளைங்க கிட்ட அதே டெஸ்ட் பாதியத் தவற விடும். தொண்டைல எடுத்த ஸ்வாப்ல இன்னொரு தலைவலி, அங்க நல்ல பிள்ளையா குடியிருக்கிற வேற நைசீரியா (கொனோரியா கிருமியோட குடும்பம்) வகைங்களும் உண்டு, எது எதுன்னு பிரிக்கிறது கஷ்டம்.

அதனால இந்த ரெண்டுக்கும் மரபணுவப் பெருக்கிப் பாக்குற வழிதான் இப்போதைக்கு நம்பகமானது. அதையே உள்ளங்கை அளவு டப்பாவா சுருக்கிட்டாங்க, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மார்ச்ல ஒண்ணுக்கு அனுமதி குடுத்துச்சு, பொண்ணுங்க வீட்லயே ஸ்வாப் எடுத்து கிளமிடியா, கொனோரியா, டிரைக்கோமோனாஸ் மூணையும் அரை மணி நேரத்துல பாத்துக்கலாம், டாக்டர் சீட்டு வேண்டாம். ஒரு தடவை பாத்துட்டுத் தூக்கிப் போட வேண்டியது, விலை நம்ம காசுல பல ஆயிரம். வேலை செய்யும், நமக்கு எட்டாது. மலிவா இருக்கிற பட்டைக்குக் கண்ணு தெரியல, கண்ணு தெரியிற டப்பா மலிவா இல்ல. மொத்தப் பிரச்சனையும் இதுதான்.

எனக்கு இது ரெண்டாவது கர்ப்பம், நாலாம் மாசம். பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) விரல்ல குத்தி பாத்துட்டு சிபிலிஸ் பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க. முதல் பிள்ளை உண்டானப்பவே இது வந்து நானும் வீட்டுக்காரரும் ஊசி போட்டு முடிச்சோம். இப்ப அவர் மேல சந்தேகமா இருக்கு, வீட்ல ஒரே சண்டை.
(பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்)

அம்மா, முதல்ல சண்டைய நிறுத்துங்க. நீங்க சொல்ற கிட் பாக்குறது சிபிலிஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி, அது ஒரு தடவை வந்துட்டா நோய் சரியா குணமான பிறகும் பெரும்பாலானவங்களுக்கு ஆயுசுக்கும் ரத்தத்துல இருக்கும். பழைய தழும்பையும் புதுப் புண்ணையும் அந்த கோடு பிரிச்சுச் சொல்லாது. இந்த கிட்டோட பெரிய குறை இதுதான், குத்துறவங்க இத ஒரு வார்த்தை சொல்லாததால எத்தனை குடும்பத்துல ரகளைன்னு எனக்குத்தான் தெரியும்.

அடுத்து செய்ய வேண்டியது ஆர்பிஆர் இல்லன்னா விடிஆர்எல், நோய் ஏறுதா இறங்குதான்னு காட்டுற ரத்த டெஸ்ட். அதுல ரத்தத்த பாதி பாதியா நீர்க்க வச்சுப் பாத்து 1:2, 1:4, 1:8ன்னு ஏறு வரிசைல அளவு சொல்வாங்க, மருந்து வேலை செஞ்சிருந்தா அந்த அளவு இறங்கியிருக்கும், புதுசா தொத்தியிருந்தா ஏறியிருக்கும். பழைய ரிசல்ட் சீட்டு இருந்தா கட்டாயம் எடுத்துட்டுப் போங்க, ஒப்பிட்டுப் பாக்க அதுதான் ஆதாரம். ரெண்டு வகை ஆன்டிபாடியையும் (ஆயுசுக்கும் இருக்கிறது, ஆர்பிஆர்ல ஏறி இறங்குறது) ஒரே பட்டைல காட்டுற கிட்டும் உலகத்துல இருக்கு, நம்ம பிஹெச்சி வரைக்கும் அது வரணும்ங்கிறது என் ஆசை.

டாக்டர் சந்தேகத்துல திரும்ப பென்சாத்தின் பென்சிலின் ஊசி போடச் சொன்னா மறுக்காதீங்க, அது பிள்ளைக்குக் கெடுதல் இல்ல. போடாம விட்டாத்தான் ஆபத்து. 2016ல மட்டும் உலகத்துல 6 லட்சத்து 61 ஆயிரம் பிள்ளைங்களுக்கு வயித்துலயே சிபிலிஸ் தொத்துச்சு, அதுல 2 லட்சத்துக்கு மேல செத்துப் பிறந்தது, இல்ல பிறந்த கொஞ்ச நாள்ல போயிடுச்சு. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னாடியாவது தாய்க்கு ஊசி போயிருக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கு நாலாம் மாசம்தான் ஆகுது, நிறைய டைம் இருக்கு. பென்சிலின் அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, அவருக்கும் அதே டெஸ்ட்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்க கிளினிக்ல அறிகுறியப் பாத்து கலர் கலரா கிட் குடுத்துடுறோம், ஆளு அன்னைக்கே மருந்தோட போயிடுறாங்க. அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட் எல்லாம்?
(விழுப்புரம்)

சிஸ்டர், வாசகர்களுக்காக ஒரு வரி சொல்லிடுறேன், சீழ் வந்தா சாம்பல் நிற பாக்கெட், வெள்ளைப்படுதலுக்கு பச்சை, புண்ணுக்கு வெள்ளை, அடிவயித்து வலிக்கு மஞ்சள்னு நேக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) குடுத்திருக்கிற மருந்துப் பொட்டலம்தான் இவங்க சொல்ற கிட். லேப் இல்லாத ஊருக்கு இது நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். சீழோட வர்ற ஆம்பளைக்கும், புண்ணோட வர்றவங்களுக்கும் இது நல்லாவே வேலை செய்யுது.

வெள்ளைப்படுதல்லதான் இடிக்குது. அதோட வர்ற பொண்ணுங்கள்ல பலருக்கு இருக்கிறது பால்வினை நோயே இல்ல, கேண்டிடாங்கிற பூஞ்சை, இல்லன்னா அங்க இயல்பா இருக்கிற கிருமிங்க சமநிலை குலையுற பாக்டீரியல் வஜினோசிஸ். கொனோரியாவோ கிளமிடியாவோ கர்ப்பப்பை வாய்ல இருக்கிற பொண்ணுக்கு பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது, கிளமிடியால பத்துல ஏழு பேருக்கு ஒண்ணுமே தெரியாது. அப்ப யாருக்கு வேணுமோ அவங்க கிளினிக்குக்கே வரல, வந்தவங்க பலருக்கு சாம்பல் பாக்கெட்ல இருக்கிற கொனோரியா, கிளமிடியா மருந்து தேவையே இல்ல. அந்த அஸித்ரோமைசின், செஃபிக்ஸிம் ஆன்டிபயாட்டிக்க தேவையில்லாம குடுத்தா மருந்துக்கு மசியாத கிருமில போய் முடியும்னு உங்களுக்குத் தெரியும், கொனோரியா ஏற்கனவே சல்ஃபா, பென்சிலின், சிப்ரோஃப்ளாக்ஸசின்னு ஒவ்வொண்ணா ஜெயிச்சுட்டு வந்த கிருமி.

அதனால டெஸ்ட் வந்தா உங்க பாக்கெட் போயிடும்னு இல்ல, யாருக்கு எந்த கலர்னு சரியா தெரியும்.

நாங்க நாலு பேர் சேர்ந்து ஸ்டார்ட்-அப் ஆரம்பிச்சிருக்கோம். 50 ரூபாய்க்கு எஸ்டிஐ (பால்வினைத் தொற்று) டெஸ்ட் ஸ்ட்ரிப் கொண்டு வரணும்னு ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?
(இன்ஜினியர், கோயம்புத்தூர்)

வாழ்த்துக்கள். ஆனா 50 ரூபாய்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. இந்தத் துறைல உலக சுகாதார நிறுவனம் வச்ச ஒரு பட்டியல் இருக்கு, அஷ்யூர்டுன்னு சொல்வாங்க. விலை கட்டுப்படியாகணும், நோய் இருக்கிறவங்களத் தவற விடக்கூடாது, இல்லாதவங்கள மாட்டி விடக்கூடாது, பயிற்சி கம்மியா இருக்கிறவங்களும் பண்ண முடியணும், வேகமா வரணும், வெயிலத் தாங்கணும், மெஷின் வேண்டாம், கடைசி ஆளு வரைக்கும் போய்ச் சேரணும். இத்தனையும் ஒண்ணா முடியாதுங்கிறதுதான் நிஜம், எத விட்டுக் குடுக்கலாம்னு முடிவு பண்றதுதான் உங்க வேலை.

ஒரு கணக்கு சொல்றேன். நோய் இருக்கிற 100 பேர் கிளினிக்குக்கு வர்றாங்கன்னு வைங்க. லேப் டெஸ்ட் 95 பேரப் பிடிக்கும், ரிசல்ட் ஒரு வாரம் கழிச்சு. திரும்பி வர்றது 60 சதவீதம்னா, மருந்து போனது 57 பேருக்கு. உங்க ஸ்ட்ரிப் 75 பேரத்தான் பிடிக்குது, ஆனா உக்காந்த இடத்துலயே மருந்து, அப்ப 75 பேருக்கும் மருந்து போய்ச் சேர்ந்துச்சு. மட்டமான டெஸ்ட் ஜெயிச்சுடுச்சா இல்லையா? 1999லயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இத "ரேபிட் டெஸ்ட் முரண்"னு பேர் வச்சு எழுதிட்டாங்க. சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி இதையும் யோசிங்க, மிச்ச 25 பேர் கைல "நெகட்டிவ்"னு ஒரு சீட்டோட நிம்மதியா போறாங்க. திரும்பி வர வைக்க முடியாத இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு, லேப் ரிசல்ட் மறுநாளே போன்ல வர்ற இடத்துல உங்க 75 செல்லாது.

அடுத்த கணக்கு இதவிட கசப்பு. காலேஜ் கேம்ப்ல 1000 பேருக்கு பாக்குறீங்க, நிஜமா நோய் இருக்கிறது 20 பேருக்கு. ஸ்ட்ரிப் நோய் இருக்கிறவங்கள 90 சதவீதம் பிடிக்குது, இல்லாதவங்கள 98 சதவீதம் சரியா இல்லன்னு சொல்லுது, கேக்க ரொம்ப நல்லா இருக்குல்ல? 18 பேர் சரியா மாட்டுவாங்க. நோய் இல்லாத 980 பேர்ல 2 சதவீதம்னா 20 பேருக்கு சும்மாவே ரெண்டு கோடு விழும். ஆக பாசிட்டிவ்னு சொன்ன 38 பேர்ல பாதிக்கு மேல ஒண்ணுமே இல்லாதவங்க. வேற நோய்ல இது ஒரு மறு டெஸ்ட்டோட முடிஞ்சுடும், இந்த நோய்ல நிச்சயதார்த்தம் நின்னு போகும். நம்ம ஊருக்கு ஸ்ட்ரிப் பண்றவங்க அந்த 98ஐ 99.5 ஆக்குறதுக்குத்தான் முதல்ல ராத்திரி கண் முழிக்கணும்ங்கிறது என் கட்சி, மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க.

வெயில் விஷயம் தனி. டப்பாவுல 2ல இருந்து 30 டிகிரின்னு அச்சடிச்சுட்டு மே மாசம் வேலூருக்கோ கரூர் பரமத்திக்கோ அனுப்பினா யாரு கேக்குறது? பிஹெச்சி குளிர்பெட்டில தடுப்பூசிக்குத்தான் இடம். ஸ்ட்ரிப் இருக்கிற கவர முன்னாடியே பிரிச்சு வச்சா ஈரம் புகுந்து பட்டை வீணாப் போகும், அதையும் எழுதியிருந்தா மட்டும் போதாது, அப்படி பிரிச்சு வச்சாலும் தெரியுற மாதிரி ஒரு அடையாளம் வைங்க.

விலைக்கு வர்றேன். ஹெச்ஐவியும் சிபிலிஸும் ஒரே சொட்டுல பாக்குற இரட்டை கிட் 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட முன்தகுதி (தரம் பாத்துக் குடுக்குற அங்கீகாரம்) வாங்குச்சு, பின்னாடி விலை ஒரு டாலருக்கும் கீழ வந்துச்சு. எப்படி? கெமிஸ்ட்ரி ஒண்ணும் மாறல, "இவ்ளோ லட்சம் வாங்கிக்கிறோம்"னு உத்தரவாதம் குடுக்க ஆள் வந்தாங்க, ஹெச்ஐவிக்குன்னு இருந்த காசுல சிபிலிஸும் தொத்திக்கிட்டு வந்துடுச்சு. அதே மாதிரி நம்ம டிபி ஆஸ்பத்திரிங்கள்ல சிபிநாட்னு சொல்ற மரபணு டெஸ்ட் மெஷின் இருக்கு, அதோட டிபி கார்ட்ரிட்ஜ் 2023ல 9.98 டாலர்ல இருந்து 7.97க்கு இறங்குச்சு, அதுக்கு வருஷக்கணக்குல சண்டை போட வேண்டியிருந்துச்சு. அதே மெஷின்ல கிளமிடியா, கொனோரியா கார்ட்ரிட்ஜும் ஓடும், 90 நிமிஷம், ஆனா அதோட விலை டிபியவிட கணிசமா ஜாஸ்தி, அதுக்காக சண்டை போட அந்த அளவு கூட்டம் இல்ல. ஆக யாரு வாங்குவாங்கன்னு தெரியாம 50 ரூபாய்னு பேசுறது வீண்.

ஆரம்பிக்கணும்னா சிபிலிஸ்ல பழசையும் புதுசையும் பிரிச்சுக் காட்டுற பட்டைல ஆரம்பிங்க, தர்மபுரி அம்மா கடிதத்த மேல படிச்சீங்கல்ல. கிளமிடியா மலைய அப்புறம் ஏறலாம். இந்த மாதிரி கிட்டுக்கான 2017ம் வருஷத்து அரசு விதிகள், மெடிக்கல் டிவைசஸ் ரூல்ஸ, இப்பவே படிச்சுடுங்க. சோதனைய ஏசி லேப்ல சீரம் பாட்டில வச்சு முடிச்சுடாதீங்க, 40 பேர் வரிசைல நிக்கிறப்ப ஒரே நர்ஸ் கைல குடுத்துப் பாருங்க, 20 நிமிஷத்துல படிக்க வேண்டிய கோட்ட ஒண்ணரை மணி நேரம் கழிச்சுப் படிப்பாங்க, அப்ப என்ன காட்டுதுன்னு பாருங்க.

இலங்கைல தாயிடம் இருந்து பிள்ளைக்கு சிபிலிஸ் போறத ஒழிச்சாச்சு எண்டு உலக சுகாதார நிறுவனமே சொன்னது. எந்த ரேபிட் கிட்டால அது நடந்தது?
(வவுனியா வாசகர்)

2019ல அந்த சான்று கிடைச்சது, ஹெச்ஐவி, சிபிலிஸ் ரெண்டுக்கும் சேர்த்து. கிட்டால இல்லங்க, பெரும்பாலும் பழைய விடிஆர்எல்லால! மருத்துவ மாது (மிட்வைஃப்) வீடு தேடி வந்து கர்ப்பத்தப் பதிவு பண்றது, ரத்தம் எடுத்து அனுப்புறது, ரிசல்ட் திரும்பி வர்றது, பாசிட்டிவ்னா ஆளத் தேடிப் பிடிச்சு ஊசி போடுறது, இந்தச் சங்கிலி எங்கயும் அறாம இருந்ததால நடந்துச்சு. 

அந்தச் சங்கிலி இல்லாத ஊருலதான் கிட் அதிசயம் பண்ணும். உகாண்டால ஆராய்ச்சி நடந்த இடங்கள்ல ரேபிட் டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி கர்ப்பிணிங்கள்ல 2 சதவீதம் பேருக்குக் கூட சிபிலிஸ் பாக்கல, வந்த பிறகு 90 சதவீதத்தத் தாண்டிடுச்சு. ஆனா டெஸ்ட் பண்ணி பாசிட்டிவ்னு சொல்லிட்டு ஊசி இல்லன்னா? 2014ல இருந்து 2016க்குள்ள 39 நாட்டுல பென்சாத்தின் பென்சிலின் தட்டுப்பாடு. லாபம் கம்மின்னு தயாரிக்கிறவங்க குறைஞ்சு போன மருந்து அது. நம்ம பக்கம் மருந்து இருந்தாலும் அலர்ஜி பயத்துல "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு எழுதிக் குடுத்துடுற இடங்கள் உண்டு, அந்த கர்ப்பிணி பஸ் ஏறி வேலைக்குப் போயிடுவாங்க, அதோட சரி.

இனிமே கிட்ல விழுற கோட்ட போன் கேமராலயே போட்டோ எடுத்து ரிசல்ட்ட ஏத்திடுவாங்களாமே. நம்ம விஷயம் ஊருக்கே தெரிஞ்சுடாதா?
(சென்னை-81)

நியாயமான பயம். நான் மேல சொன்ன அஷ்யூர்டு பட்டியல்ல உடனுக்குடனே தகவல் போய்ச் சேரணும்ங்கிறதையும் பின்னாடி சேர்த்திருக்காங்க, அதனால கிட் எங்க தீருது, எந்த ஊர்ல நோய் ஏறுதுன்னு தெரியும், அது நல்லதுதான். ஹெச்ஐவிக்கு நமக்குச் சட்டம் இருக்கு, 2017ல வந்த ஹெச்ஐவி எய்ட்ஸ் சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் பண்ணவும் கூடாது, ரிசல்ட்ட வெளிய சொல்லவும் கூடாது. இரட்டை கிட்ல சிபிலிஸுக்குன்னு குத்தினாலும் ஹெச்ஐவியும் சேர்ந்தே தெரிஞ்சுடும், அதனால குத்துறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் சேர்த்து உங்ககிட்ட கேக்கணும். கேக்கலன்னா நீங்க கேளுங்க. போட்டோ எடுத்தா பேரு எழுதின சீட்டும் அதுல விழுதான்னு பாத்து, விழுந்தா அழிக்கச் சொல்லுங்க, நம்பர் மட்டும் போதும்.